நாலாவது லுட்சா

போரோஸ், ஸ்வீடன்
1959 செப்டம்பர் 6

அன்புள்ள வில்மா அக்காவுக்கு,

இந்த நாலு வரி உன்னை நல்ல உடம்போடு பார்க்கட்டும். நானும் பாலிண்ட்டும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வாத்துகள் கொழுத்தனவா? வழியில் இந்த உறையைப் பிரித்துப் படிக்கிற தணிக்கை ஐயாவுக்கும் என் வணக்கம். அவர் இருமல் தேவலையா?

ஒரு செய்தி. உனக்கும் அந்த ஐயாவுக்கும் ஒரே சமயத்தில் சொல்கிறேன். டிசம்பர் நடுவில் எனக்குக் குழந்தை பிறக்கும். இவ்வளவு நாள் ஏன் மறைத்தாய் என்று திட்டாதே. முன்னே இரண்டு தடவை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அழுதேன். இந்தத் தடவை வாயைப் பூட்டிக்கொண்டேன். ஆலையில் தறிப் பக்கம் விடாமல் என்னை நூல்கண்டு எண்ண உட்கார்த்தியிருக்கிறார்கள். பாலிண்ட் சாயப் பட்டறையிலிருந்து கை நீலமாக வருகிறான். 'குழந்தை நீலமா பொறந்தா நீ பயப்படாத, அது என்னுதுதான்' என்கிறான்.

பெண் பிறந்தால் லூசியா என்று பெயர் வைக்க ஆசை. இங்கே டிசம்பர் பதிமூன்று என்றால் பெரிய கொண்டாட்டம். வெள்ளை அங்கி, தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம், பாட்டு, குங்குமப்பூ பன். ஆனால் அதற்காக இல்லை அக்கா. நம்மூரில் அதுதானே லுட்சா. உன் மகள், நம் குட்டியின் பெயர். அவளை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். அவள் உன்னை அம்மா என்றே கூப்பிட மாட்டாளே. வாசலில் நின்று வரி கேட்க வந்த அதிகாரி மாதிரி 'வில்மா!' என்பாள். நீயும் 'வந்துட்டேன், வந்துட்டேன், உலகமா கவுந்துடுச்சு?' என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாய். அந்தப் பெயர் நம் குடும்பத்தில் இன்னொரு தடவை ஒலிக்கட்டும். நீ சரி என்று சொல்.

முத்தங்களுடன்,
உன் தங்கை எதெல்கா


செர்ஹாஸா
1959 அக்டோபர் 2

தங்கச்சி எதெல்காவுக்கு,

கடவுள் கருணையால் நான் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். முழங்கால் மழைக்கு முன்னால் எனக்குச் சேதி சொல்கிறது, ரேடியோவைவிட அதுதான் நம்பகம். வாத்துகள் பரவாயில்லை.

உன் செய்தியைப் படித்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். வாளி தூக்காதே. கையை மேலே தூக்கித் துணி உலர்த்தாதே. நீல விரல்காரனைத் துணி உலர்த்தச் சொல்.

பெயர் விஷயம். வேண்டாம்.

அது நல்ல நாள் இல்லை என்று உனக்கே தெரியும். அன்றைக்குத் தையல் ஊசியைத் தொட மாட்டோம், நூற்க மாட்டோம், ஒரு பிடி உப்புக்கூட வீட்டை விட்டு வெளியே கொடுக்க மாட்டோம். அந்த நாளின் பெயரை ஒரு பச்சைக் குழந்தைக்கு வைப்பார்களா? 'உன் குட்டிக்கு நீ வைக்கலையா' என்று கேட்பாய். அவள் அந்த நாளில் பிறந்தாள், பாதிரியார் பிடிவாதமாக வைத்தார். பலனைப் பார்த்தோம். ஐந்து வயசுக் காய்ச்சலுக்கு அவளைக் கொடுத்தோம்.

அதோடு, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி இருக்கிறாள். க்லாரா நல்ல பெயர். இலோனா நல்ல பெயர். குழந்தையின் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அக்கா வில்மா


போரோஸ்
1959 நவம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம். வயிறுதான் எனக்கு முன்னால் போய்க் கதவைத் திறக்கிறது. தொட்டிலை பாலிண்ட் செய்துகொண்டிருக்கிறான். நம்மூரில் லுட்சா நாளில் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை லுட்சா நாற்காலி செய்வது போல நாளுக்கு ஒரு தட்டு, ஒரு ஆணி. குழந்தை பள்ளிக்கூடம் போவதற்குள் முடிந்துவிடும்.

அக்கா, பெயர் என்ன ஒற்றைப் பட்டுச் சட்டையா, ஒருத்தி போட்டால் இன்னொருத்தி போட முடியாமல் இருக்க? உன் பேச்சைக் கேட்டு ஆலையில் விசாரணையே நடத்தினேன். எங்கள் கூடத்தில் பாதி ஐரோப்பா நூல் சுற்றுகிறது. இத்தாலிக்காரி நெஞ்சில் கை வைத்தாள். 'லுச்சீயாவா! எங்க ஊர்ல அவதான் கண்ணைக் காக்குற புனிதை. கண்ணு ரெண்டையும் தட்டுல வச்சு ஏந்திக்கிட்டு நிப்பா.' போலந்துக்காரி வூட்சியா என்றாள், அவள் அத்தை பெயராம், தொண்ணூறு வயசு வரை சண்டை போட்டாளாம். ஜெர்மன்காரிக்கு லூட்சியா, பிரெஞ்சில் லூசி, குரோஷியாக்காரி சொன்னது நம்முடையதற்குப் பக்கத்து வீடு, லுட்சியா. பள்ளியில் லத்தீன் படித்த பெருமையில் பாலிண்ட் தீர்ப்புச் சொன்னான்: எல்லாம் ஒரே சொல், வெளிச்சம் என்று அர்த்தம். பழைய பஞ்சாங்கத்தில் வருஷத்திலேயே நீளமான இரவு அவளுடையதாம். அந்த இருட்டுக்குப் பயந்துதான் வெளிச்சம் என்று பெயர் வைத்திருப்பார்களோ என்னவோ.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரி தியூரா அம்மாள். குரலைத் தாழ்த்தி, 'இந்த மெழுகுவத்தி கிரீடமெல்லாம் நேத்து வந்தது. எங்கம்மா காலத்துல அவ பேரு லுஸ்ஸி. அன்னிக்குப் புகைபோக்கியை அடைச்சு வச்சுருவோம். குழந்தை தேடி வருவா' என்றாள். பிறகு எனக்கு காபி ஊற்றி, கேக்கு வெட்டிக் கொடுத்தாள்.

அக்கா, நம்மூரில் லுட்சா நாளுக்கு முந்தின சாயங்காலம் வீடு வீடாக நானும் லுட்சாவாகப் போனவள்தானே. மூன்று பேர், வெள்ளைத் துணி போர்த்தி, முகத்தில் மாவு அப்பி, கையில் வாத்து இறக்கை. கதவைத் தட்டக் கூடாது, பேசக் கூடாது, எல்லார் முகத்தையும் இறக்கையால் வருடிவிட்டு வர வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்து மாவு உதிரும். அந்தச் சிரிப்பை நினைத்தால் பயம் வரவில்லை. ஆனாலும் உன் மனசு நோக வேண்டாம். க்லாரா என்றே வைக்கிறேன். அதற்கும் வெளிச்சம் என்றுதான் அர்த்தமாம்.

உன் எதெல்கா


செர்ஹாஸா
1959 நவம்பர் 24

என் கண்ணே எதெல்கா,

கடிதம் வந்தது. நீ நலம் என்று படித்து நான் நலம். க்லாரா என்று நீ எழுதிய இடத்தில் காகிதத்தை முத்தமிட்டேன். அந்த ஐயா பார்த்தால் சிரிக்கட்டும்.

உனக்குச் சாக்குத் துணியில் வைத்துக் கசகசா அனுப்பியிருக்கிறேன். ரேதெஷ் சுருள் பலகாரம் செய்தால் மாவைக் கிழிய விடாமல் இழு. நான் நேரில் இருந்தால் இழுத்துத் தருவேன். மேசை முழுக்க மாவு விரிந்து கிடக்க, அடியில் செய்தித்தாள் எழுத்துத் தெரிய வேண்டும்.

இங்கே முதல் பனி. லுட்சா நாள் வருகிறது. இந்த வருஷம் போகிற மூன்று பேரில் ஒருத்தி ரோசாலின் மகள், தபால் நிலைய ரோசால். அவர்களுக்குக் கொடுத்தனுப்ப நாலு உப்பு ரொட்டி சுட வேண்டும். வாசலில் பனியைத் தள்ளி, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு வைத்தேன். எனக்கு வருஷத்தில் இந்த ஒரு வேலைதான் வேலை.

குழந்தை பிறந்ததும் எழுது. க்லாரா. மறக்காதே.

உன் வில்மா


போரோஸ்
1959 டிசம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? எனக்குத் தையல் வலி மட்டும். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி பெண் பிறந்தாள். தலை நிறையக் கறுப்பு முடி. நீலமாக இல்லை.

இதை நேரில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன், கோபிக்காதே. மறுநாள் விடியும் முன்பு ஆஸ்பத்திரி வார்டில் விளக்கை அணைத்தார்கள். வழக்கமாம். வெள்ளை அங்கிப் பெண்கள் மெழுகுவர்த்தியோடு வரிசையாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு, எனக்கு அழுகை வந்தது. எல்லாரும் போன பிறகு கடைசியாக ஒரு சின்னப் பெண். அவள் கையில் மெழுகுவர்த்தி இல்லை, பாடவும் இல்லை. வரிசைக்குப் பிந்தி, வழி தெரியாதவள் போல நின்று நின்று வந்தாள். முகம் முழுக்க வெள்ளை. என் கட்டிலருகே வந்து கையிலிருந்த ஒன்றால் குழந்தையின் முகத்தை ஒரு தடவை வருடினாள். வாத்து இறக்கை அக்கா. இந்த ஊரில் யாரிடமும் அது கிடையாது.

காலையில் நர்ஸிடம் கேட்டேன். 'பெரிய பொண்ணுங்க மட்டும்தான் வந்தாங்க. சின்னப் பிள்ளைங்களை இங்க விடறதில்ல' என்றாள். பிறகு பதிவுக்கு, குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டாள். க்லாரா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். லூசியா என்று வந்தது. என் குரலிலேயே வந்தது. அவள் எழுதிவிட்டாள். நான் மாற்றச் சொல்லவில்லை.

மன்னித்துக்கொள். அந்த நாலாவது உப்பு ரொட்டி யாருக்கு? மூன்று பேர்தானே போவார்கள்?

உன் எதெல்கா


செர்ஹாஸா
1960 மார்ச் 18

எதெல்கா,

போன டிசம்பரில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேர் போனார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், வேறெதுவும் எழுத வேண்டாம். அந்தச் சின்னவள் காலில் என்ன போட்டிருந்தாள்?

வில்மா


போரோஸ்
1960 ஏப்ரல் 9

அக்கா,

நீ நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. உன் கடிதத்தில் ஒரு வாழ்த்துக்கூட இல்லை.

இதைச் சொன்னால் நீ தாங்க மாட்டாய் என்று நினைத்தேன். அதனால்தான் அன்றைக்கு எழுதவில்லை. செருப்பு இல்லை. வெள்ளைக் கம்பளிக் காலுறை. இடது குதிகால் மட்டும் சிவப்பு.

வெள்ளை நூல் தீர்ந்துபோய் நான்தான் சிவப்பைப் போட்டுப் பின்னி முடித்தேன். எனக்குப் பதினேழு வயசு. 'சவப்பெட்டிக்குள்ள யாரு பாக்கப் போறா' என்றாய் நீ. நாம் இரண்டு பேரும்தான் அதை அவள் காலில் மாட்டினோம்.

அக்கா, நான் இதைப் பார்த்து உறைந்துபோனேன். நீ ஆச்சரியமே படாமல் காலில் என்ன என்று கேட்கிறாய். உனக்கு எப்படித் தெரியும்? எத்தனை வருஷமாகத் தெரியும்?

குழந்தை சாதுவாக இருக்கிறாள். ரொம்பச் சாதுவாக இருக்கிறாள்.

எதெல்கா


போரோஸ்
1960 ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஏப்ரலில் எழுதியதற்குப் பதில் இல்லை, ஜூனில் எழுதியதற்கும் இல்லை. ரோசாலிடமிருந்து அட்டை வந்தது. நீ சுகம், சந்தைக்குப் போகிறாய், வாத்து விற்கிறாய் என்றாள். ஆகையால் நீ எழுத முடியாமல் இல்லை, எழுதாமல் இருக்கிறாய்.

லூசியா வளரவில்லை. பால் குடிக்கிறாள், கக்குவதில்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் பிறந்த மாதம் போட்ட சட்டை இன்றைக்கும் சரியாக இருக்கிறது. டாக்டர் ஒவ்வொரு வாரமும் எடை பார்த்துவிட்டுத் தராசைத் தட்டிப் பார்க்கிறார். பாலிண்ட் இப்போதெல்லாம் கேலி பேசுவதில்லை. நீல விரலால் குழந்தையின் நீளத்தைத் தொட்டிலில் அளந்து கோடு போடுகிறான். கோடு அங்கேயே இருக்கிறது.

காலையில் அவள் முகத்தில் வெள்ளைத் தூசி இருக்கிறது. ஆலைப் பஞ்சு என் உடையில் ஒட்டி வந்தது என்று சொல்லிக்கொண்டேன். நான் ஆலைக்குப் போவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. தூசி நிற்கவில்லை. தொட்டு நாக்கில் வைத்தேன். மாவு.

பெயரை மாற்றிக் கூப்பிட்டால் பிடித்தது விட்டுப் போகுமோ என்று தியூரா அம்மாள் சொல்லி அதையும் செய்தேன். க்லாரா என்று கூப்பிட்டேன், சுவரைப் பார்த்துக் கிடந்தாள். லூசி என்றேன், லூட்சியா என்றேன், வூட்சியா, லுஸ்ஸி, உலகத்திலுள்ள அத்தனை பாஷையிலும் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் திரும்பினாள். என் பக்கம் இல்லை, கதவுப் பக்கம். யார் வரப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது போலத் திரும்பினாள்.

கூடப் பிறந்தவளே, கெஞ்சுகிறேன். உனக்குத் தெரிந்ததை எழுது. இந்தக் குழந்தையும் போனால் நான் இருக்க மாட்டேன்.

எதெல்கா


செர்ஹாஸா
1960 டிசம்பர் 13

என் தங்கமே எதெல்காவுக்கு,

இந்தக் கடிதமும் இன்று காலை அனுப்பிய பொட்டலமும் உங்கள் மூவரையும் உயிரோடு பார்க்கட்டும். அதற்கு மேல் கேட்க எனக்கு முகமில்லை.

லுட்சா இறந்த வருஷம், லுட்சா நாளுக்கு முந்தின சாயங்காலம், மூன்று பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள், சின்னவள். லுட்சாக்களை எண்ணக் கூடாது என்பார்கள், நான் எண்ணினேன். மற்றவர்கள் கிச்சுக்கிச்சு மூட்ட இறக்கையால் என் மூக்கைக் கிளறினார்கள். அவள் என் இரண்டு கண்ணையும் வருடினாள். இறக்கை சில்லென்று இருந்தது. அவர்கள் போன பின் தரையில் மாவு கிடந்தது, அதில் மூன்று ஜோடி பூட்ஸ் தடம், ஒரு ஜோடி காலுறைத் தடம். அன்றைக்குத் தரையைக் கூட்டவில்லை. மற்ற வீடுகளில் விசாரித்தேன். மூன்று பேர் என்றார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வந்தாள். அந்த மூன்று பெண்கள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு மூன்று பேர் வந்தார்கள். என்னுடையவள் அதே உயரம். லுட்சாக்கள் பேசக் கூடாது, அதனால் பேச மாட்டாள். ஒரே ஒரு தடவை 'வில்மா' என்று கூப்பிட மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். நாலாவது ரொட்டி அவளுக்கு. எடுத்துக்கொள்ள மாட்டாள், ஆனாலும் சுடுவேன். போரில் புருஷன் போனான், நீ எல்லை தாண்டிப் போனாய். எனக்கு அந்த ஒரு சாயங்காலம் இருந்தது.

பெயர் வேண்டாம், குழந்தையின் நன்மைக்கு என்று எழுதினேனே, அது பொய். உன் குழந்தையை நான் நினைக்கவே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்துக்கு என் பிள்ளை போய்விடுவாள் என்றுதான் பயந்தேன். அப்படியே போனாள். உனக்குப் பதில் போடாமல் இருந்தது கோபத்தில். அதைவிட மோசம் ஒன்று உண்டு. ஆகஸ்ட் கடிதத்தைப் படித்தபோது ஒரு மனசு சொன்னது, அந்தக் குழந்தை போகட்டும், என்னுடையவள் திரும்பி வருவாள் என்று. எழுதிவிட்டேன். பிரித்துப் படிக்கிற ஐயாவும் தெரிந்துகொள்ளட்டும், செர்ஹாஸாவில் எப்படிப்பட்ட பொம்பளை இருக்கிறாள் என்று.

நேற்றுச் சாயங்காலம் மூன்று பேர் வந்து போனார்கள். கதவை மூடாமல் நின்றேன். பனி உள்ளே அடித்தது. யாரும் வரவில்லை. உள்ளே வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். 'வளரவில்லை' என்று எழுதியிருந்தாய். அடியே, என்னுடையவளும்தானே வளரவில்லை! இங்கே என் கதவு, அங்கே உன் கதவு, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை எப்படி வளரும்? அதன் கையைப் பிடித்திருக்கிற உன் பிள்ளைதான் எப்படி வளரும்?

அவளுடைய ஞானஸ்நானக் குல்லா என் தலையணைக்கு அடியில் இருந்தது. அது இங்கே இருந்ததால்தான் அவளுக்கு இந்த வீட்டுக்கு வழி தெரிந்தது. இன்றைக்கு லுட்சா நாள். இன்று வீட்டை விட்டுப் போகிற பொருள் போனதுதான், எது கூடப் போகிறதோ அதுவும் திரும்பாது. ஆகவே இன்றைக்கே கொண்டு போனேன்.

ரோசால் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். 'வில்மா அக்கா, புத்தி கெட்டுப் போச்சா? இன்னைக்குக் கோழி முட்டைகூட யாரும் வெளியில குடுக்க மாட்டாங்க. நாளைக்கு வா.'

'நாளைக்குக் குடுத்தா அது வெறும் பார்சல். இன்னைக்கே முத்திரை குத்துடி' என்றேன்.

'உன் வீட்டு அதிர்ஷ்டமெல்லாம் போயிடும்.'

'அது அங்கதான் போய்ச் சேரணும்' என்றேன். அவள் முத்திரை குத்தினாள்.

குல்லாவைக் குழந்தை தலையில் போடு. ஒரு பெயர், ஒரு குல்லா, ஒரு தலை. அவள் வளரட்டும்.

உன் வில்மா


போரோஸ்
1961 பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? உண்மையைச் சொல், சாப்பிடுகிறாயா?

பொட்டலம் ஜனவரி கடைசியில் வந்தது. பாலிண்ட் வேண்டாம் என்றான். 'செத்த பிள்ளையோடதை உயிரோட இருக்கற பிள்ளைக்குப் போடுவாங்களா?' என்று கத்தினான். எனக்கும் கை வரவில்லை. ஒரு வாரம் அலமாரி மேலேயே இருந்தது. அந்த ஒரு வாரம் அவள் கதவைப் பார்க்கவில்லை அக்கா. அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டேன். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. நாடாவைக் கட்டியதும் ஒரு பெருமூச்சு விட்டாள், மலையேறி வந்து மூட்டையை இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சு. பிறகு தூங்கினாள். மறுநாள் பசிக்கு வீரிட்டு அழுதாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. நானும் சேர்ந்து அழுதேன். தியூரா அம்மாள் என்னவோ ஏதோவென்று மாடி ஏறி வந்தாள்.

முகத்தில் மாவு இல்லை. தொட்டில் கோட்டைத் தாண்டிவிட்டாள். பாலிண்ட் அந்தக் கோட்டை இழைப்புளியால் இழைத்து எடுத்துவிட்டான்.

அவள் சுகம். உன்னை நினைத்தால்தான் கவலை. அடுத்த டிசம்பரில் நீ என்ன செய்வாய்?

உன் எதெல்கா


போரோஸ்
1961 மே 14, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அவசரத்தில் எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும், உடம்புக்கு ஒன்றுமில்லை.

குல்லா இப்போது சேரவில்லை, தலை பெரிதாகிவிட்டது. ஒரு வருஷ வளர்ச்சியை மூன்று மாதத்தில் பிடித்துவிட்டாள், எழுந்து நடக்கிறாள். பேச்சு மட்டும் வரவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். பாலிண்ட் 'அப்பா' சொல்லச் சொல்லிக் கெஞ்சுவான், தியூரா அம்மாள் அவள் பாஷையில் கெஞ்சுவாள். எதற்கும் மசியவில்லை.

இன்று மத்தியானம் கோபுர மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். லூசியா நடந்து போய் வாசல் நிலையில் கை வைத்து நின்றாள். நின்று, வெளியே பார்த்து, தெளிவாக, சத்தமாக 'வில்மா!' என்றாள்.

கத்தி என் கையிலிருந்து விழுந்தது. அக்கா, நான் உன் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. அக்கா என்றுதான் சொல்வேன், பாலிண்ட்டும் உங்க அக்கா என்பான். இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் அவள் காதில் போடவில்லை.

கூப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பதில் கேட்கிற மாதிரி. பிறகு சிரித்தாள் பார், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல என் உருளைக்கிழங்குத் தோலோடு விளையாட வந்துவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. உடனே எழுது.

உன் எதெல்கா


செர்ஹாஸா
1961 மே 14, ஞாயிறு

என் கண்ணே எதெல்காவுக்கு,

நான் சுகம், நீங்கள் மூவரும் அவ்வாறே என்று நம்புகிறேன். பிப்ரவரிக் கடிதத்துக்கு இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன் என்று நினைக்காதே, யாரிடமாவது சொல்ல வேண்டும், இங்கே யாரிடம் சொல்ல?

இன்றைக்கு என்னவோ ரேதெஷ் தின்ன ஆசை வந்தது. ஒற்றை ஆளுக்கு எதற்கு என்று பனிக்காலம் முழுக்கச் செய்யவில்லை. மேசையில் மாவை விரித்து இழுத்துக்கொண்டிருந்தேன். நன்றாக வந்தது, அடியில் செய்தித்தாள் எழுத்தைப் படிக்கலாம். மத்தியான மணி அடித்தது. முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கத்திலிருந்து, யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நான் யோசிக்கவே இல்லை எதெல்கா. திரும்பக்கூட இல்லை. 'வந்துட்டேன், வந்துட்டேன், உலகமா கவுந்துடுச்சு?' என்றேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இந்த வீட்டில் நான் தனி என்று. கை மாவுக்குள் போய்விட்டது, நடுவில் பெரிய ஓட்டை. வாசலில் யாரும் இல்லை. வெயில்தான் இருந்தது.

மாவு கிழிந்தால் கிழியட்டும். குழந்தை எப்படி இருக்கிறாள்? பேச ஆரம்பித்தாளா?

உன் வில்மா